பெட்டியைத் திறந்தேன், தலையில் எழுத்து மாறியிருக்கிறது

கிளிநொச்சி_ஆறுகம்பி
எல்லோருக்கும் வணக்கம். பதினான்கு மாதங்களாகச் சேர்த்த காசில் கொழும்பில் சொல்லிவைத்து எடுத்த கிற்றார் இன்று விடியற்காலை பஸ்ஸில் வந்தது. டிப்போச் சந்தியில் நான்கு மணியிலிருந்து காத்து நின்றேன். பெட்டியை இறக்கித் தந்தபோது கை நடுங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டுக்கு வந்து, கட்டுக்கயிற்றை வெட்டி, அட்டையைப் பிரித்து முதலில் பார்த்தது, கழுத்தின் நுனியில் கொம்பனியின் பெயர் எழுதியிருக்கும் தலையைத்தான். எழுத்து வேறு!

நான் ஆசைப்பட்டது சாய்ந்த கையெழுத்து. முதல் எழுத்தின் வால் கீழே இறங்கி, பெயர் முழுவதையும் அடியில் தாங்கிக்கொண்டு ஓடும். பொன்னிறம். பள்ளிக்கூடக் காலத்தில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதை எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. இதில் இருப்பவை நிமிர்ந்த, ஒன்றையொன்று தொடாத எழுத்துகள். வெள்ளி நிறம், அளவும் பெரிது. மருந்துக்கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது.

மொடல் அதேதான். மரமும் அதேதான். ஓசையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் காலையிலிருந்து சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனம் ஒட்டவில்லை. கொம்பனியின் பெயரை எழுதவில்லை, படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு யாருக்காவது இப்படி வந்ததா?

மாங்குளத்தான்
தம்பி, வாசிக்கும்போது கிற்றாரின் தலை உம்முடைய இடது தோளுக்கு அப்பால் எங்கோ நிற்கும். அதைப் பார்க்கிறவர்கள் முன்வரிசைக்காரர்கள். அவர்கள் வந்திருப்பது சோற்றுக்கு.

கிளிநொச்சி_ஆறுகம்பி
அண்ணா, நான் கலியாண வீட்டில் வாசிப்பதில்லை.

மாங்குளத்தான்
அப்படியென்றால் முன்வரிசையே இல்லை. இன்னும் நல்லது.

வவுனியா_பேஸ்
மாங்குளத்தான் அண்ணா சிரிக்கட்டும், எனக்குத் தம்பியின் கவலை விளங்குகிறது. நமக்கெல்லாம் கிற்றார் முதலில் படத்தில்தானே வந்தது? பத்திரிகையில் கிழித்த படம், நண்பனின் கைப்பேசியில் பார்த்த படம். ஓசையைக் கேட்பதற்கு முன்பே எழுத்தைப் பார்த்துவிட்டோம். உடலின் வளைவுகளை ஆளுக்காள் பார்த்துச் செய்துவிடுகிறார்கள், தூரத்திலிருந்து இது யாருடையது என்று சொல்வது தலையும் அதில் இருக்கும் எழுத்தும்தான்.

அது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. 1977 இல் கிப்சன் என்ற கிற்றார்க் கொம்பனியின் தாய்க் கொம்பனி, அமெரிக்காவில் ஐபனேஸ் கிற்றார்க்காரர்கள்மீது வழக்குப் போட்டது. விரித்த புத்தகத்தின் மேல்விளிம்பு போல நடுவில் பள்ளமாக இருக்கிறதே, அந்தத் தலையின் வடிவத்துக்காக. ஓசைக்காகவோ மரத்துக்காகவோ இல்லை.

நந்திக்கடல் காற்று
இந்த வருத்தம் புதிதல்ல தம்பி. நான் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்று பழகிய வாய்.

1954 இல் ஃபெண்டர் கொம்பனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார் வந்தபோது தலையில் இருந்த எழுத்து மெல்லிய பொன்னிறக் கோடு, ஓரத்தில் மயிரிழையளவு கறுப்பு. இடியப்பத்தைப் பிழிந்து விட்டதுபோல இருக்கும். வெள்ளைக்காரனுக்கு இடியப்பம் தெரியாது, அதனால் 'ஸ்பகெட்டி' எழுத்து என்று பெயர் வைத்தான். 1964 இல் அதைத் தடித்த பொன்னெழுத்தாக மாற்றினார்கள். 1968 இல் கறுப்பெழுத்து, ஓரத்தில் பொன். சேகரிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த மூன்றையும் வைத்துத்தான் கிற்றாரின் வயதைச் சொல்கிறார்கள். குதிரைக்குப் பல்லைப் பார்ப்பதைப்போல.

இதில் ஒரு தவறான கதை ஊர்முழுவதும் ஓடுகிறது. 'சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்புக் கொம்பனி ஃபெண்டரை வாங்கியது, உடனே எழுத்தையும் கெடுத்தது' என்பார்கள். சி.பி.எஸ். வாங்கியது 1965 ஜனவரியில். தடித்த எழுத்து அதற்கு முதல் வருடமே வந்துவிட்டது. தலையைப் பெரிதாக்கியது 1965 இன் கடைசியில், அதை அவர்கள் கணக்கில் எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. எழுத்தின் பழியை மட்டும் அவர்கள்மேல் போடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கும் முந்திய கதை. 1951 இல் ஃபெண்டர் தன் கிற்றாருக்கு 'பிராட்காஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தது. கிரெட்ச் கொம்பனியிடம் அதே உச்சரிப்பில் மேளங்கள் இருந்தன, அவர்கள் ஆட்சேபித்தார்கள். புதுப்பெயர் கிடைக்கும்வரை என்ன செய்வது? அச்சடித்த ஒட்டுத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. கத்தரிக்கோலை எடுத்து 'பிராட்காஸ்டர்' என்ற பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, 'ஃபெண்டர்' என்பதை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். பிறகுதான் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வந்தது. பெயரில்லாத அந்தச் சில மாதங்களின் கிற்றார்களுக்கு இன்று சேகரிப்போர் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நம் தம்பிக்கு எழுத்து மாறியிருக்கிறது, அவர்களுக்கு எழுத்தே இல்லை.

பரந்தன் சந்தி
எல்லோரும் எழுத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். என் கிற்றாரில் சோளகக் காற்றுத் தொடங்கியதிலிருந்து கழுத்துப் பலகையில் குறுக்காகப் பதித்திருக்கும் பிரெட் தகடுகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறுகின்றன. அதற்கு யாராவது மருந்து சொல்லுங்கள்.

தச்சன் மகன்
பரந்தன் அண்ணா, உங்கள் பிரெட் வளரவில்லை, பலகை சுருங்கியிருக்கிறது. உலோகம் இருந்த நீளத்திலேயே நிற்கும், மரம் ஈரத்தை விட்டால் அகலத்தில் ஒடுங்கும். அவசரப்பட்டு அராவாதீர்கள். பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டியில் துளைகள் போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்து, கிற்றார்ப் பெட்டிக்குள் தலைப்பக்கம் வையுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை பஞ்சைப் பாருங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு மூன்று வாரங்களில் முனைகள் உள்ளே போகாவிட்டால் முள்ளியவளைக்குக் கொண்டுவாருங்கள், அராவித் தருகிறேன்.

பரந்தன் சந்தி
நன்றி தம்பி. மன்னிக்கவும், எழுத்துக்குத் திரும்புங்கள்.

கிளிநொச்சி_ஆறுகம்பி
நந்திக்கடல் ஐயா, கதை அருமை. ஆனால் என் வருத்தம் தீரவில்லை. ஒரு யோசனை இருக்கிறது. ஏ9 வீதியில் ஓட்டோக்களுக்குப் பெயரெழுதும் கடை ஒன்றில் கேட்டேன். படம் கொடுத்தால் பழைய எழுத்தை அப்படியே வெட்டித் தருவார்களாம், பொன்னிற ஸ்டிக்கரில். ஒட்டிவிடலாமா?

வவுனியா_பேஸ்
ஸ்டிக்கர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கலியாண வீடொன்றில் எங்களுக்கு முன் வாசித்த குழுவில் ஒருவர் பெயரில்லாத கிற்றார் ஒன்றில் யமஹா இலச்சினை ஒட்டியிருந்தார். மூன்று இசைக்கவைகள், வட்டம், எல்லாம் சரி. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கவைகளின் முனைகள் வட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன!

தெரியாதவர்களுக்கு: இசைக்கருவி செய்கிற யமஹாவின் இலச்சினையில் கவைகள் வட்டத்துக்குள் அடங்கி நிற்கும், விளிம்பைத் தொடாது. மோட்டார் சைக்கிள் செய்கிற யமஹா 1955 இல் தனிக் கொம்பனியாகப் பிரிந்தது. அதன் இலச்சினையில் முனைகள் விளிம்புவரை போய் முட்டும். மனிதர் மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தாங்கியின் ஸ்டிக்கரைக் கிற்றாரில் ஒட்டியிருந்தார். 'அண்ணா, இது ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?' என்று கேட்டுவிட்டேன். இன்றுவரை என்னோடு அவர் கதைப்பதில்லை.

மாங்குளத்தான்
இதைப் படித்துவிட்டு முற்றத்தில் நிற்கும் என் மோட்டார் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பதினோரு வருடங்களாக ஓட்டுகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

தச்சன் மகன்
கிளிநொச்சித் தம்பி, ஸ்டிக்கர் வேண்டாம். ஓட்டோவுக்கு ஒட்டுகிற தாள் தடிப்பு. விளிம்பு நகத்தில் தட்டும், ஒரு மாதத்தில் அந்த விளிம்பு முழுவதும் நம்முடைய செம்மண் புழுதி ஏறி, எழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டதுபோல ஆகிவிடும். நான் கழற்றியவற்றை வைத்துத்தான் சொல்கிறேன்.

முறையாகச் செய்வதென்றால் தண்ணீரில் நழுவும் டெக்கல் தாள். அச்சடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டால் மேலே இருக்கும் மெல்லிய படலம் தாளைவிட்டு நழுவும். தலையில் வைத்து, அடியில் காற்றுக்குமிழ் நிற்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி விடவேண்டும். ஒரு நாள் முழுவதும் காயவேண்டும். பிறகு கிளியர் லாக்கர் என்ற நிறமில்லாத பூச்சு, பனி படிந்ததுபோல மெல்ல மெல்ல. முதல் பூச்சையே ஈரமாக அடித்தால் மை கரைந்து எழுத்து அழும். பத்துப் பூச்சுக்குமேல் போனபின் தண்ணீர் தொட்டு மண்தாளில் தேய்த்துச் சமப்படுத்தினால் விளிம்பு மறையும்.

இரண்டு சிக்கல்கள். வீட்டு அச்சுப்பொறியில் பொன்னிறம் வராது, மஞ்சள்தான் வரும். அடுத்தது, இப்போது இருக்கும் எழுத்தை என்ன செய்வது? வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, நகத்தால் எழுத்தின் ஓரத்தைத் தடவிப் பாரும். தட்டினால் பூச்சுக்கு மேலே இருக்கிறது, எடுக்கலாம். தட்டாவிட்டால் பூச்சுக்குக் கீழே. அதை எடுக்கப்போனால் நிறமும் சேர்ந்து போகும்.

கிளிநொச்சி_ஆறுகம்பி
தட்டவில்லை அண்ணா. கண்ணாடி மாதிரி வழுக்குகிறது.

தச்சன் மகன்
அப்படியென்றால் கையை எடும். புதுக் கிற்றார்.

மாங்குளத்தான்
நானும் இப்போது பகிடியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். எடுக்க முடிந்தாலும் எடுக்கக் கூடாது. நந்திக்கடல் ஐயா சொன்னாரே, எழுத்தை வைத்துத்தான் வயதைச் சொல்கிறார்கள் என்று. நீர் புதியதில் பழைய எழுத்தை ஒட்டி, ஐந்து வருடம் கழித்து விற்றால் வாங்குகிறவன் அதைப் பழைய கிற்றார் என்றே நம்புவான். பெயர் உண்மை, வருடம் பொய். பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதும் இதுவும் எனக்கு ஒன்றுதான்.

வவுனியா_பேஸ்
ஒருநாளும் விற்காவிட்டால்?

மாங்குளத்தான்
இங்கே யார் எதை ஒருநாளும் விற்காமல் இருந்திருக்கிறோம்?

நந்திக்கடல் காற்று
மாங்குளத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொம்பனிகளே இந்த விடயத்தில் தடுமாறியிருக்கின்றன. 1982 இல் ஜப்பானில் ஃபெண்டரின் மலிவு வரிசையாக ஸ்குவையர் தொடங்கியபோது முதலில் வந்த சிலவற்றின் தலையில் 'ஃபெண்டர்' என்பதுதான் பெரிது, 'ஸ்குவையர்' ஓரத்தில் சிறிதாக. கொஞ்ச நாளில் தலைகீழாக்கிவிட்டார்கள், 'ஸ்குவையர்' பெரிதாக, 'ஃபெண்டர்' சிறிதாக. மரமும் வேலையும் நன்றாக இருந்ததால் அந்த முதல் தொகுதியை இப்போது வலைபோட்டுத் தேடுகிறார்கள். எந்தப் பெயர் பெரிது என்பதற்கு எவ்வளவு கனம் பார்த்தீர்களா?

அதேவேளை மார்ட்டினை எடுங்கள். 1833 இலிருந்து கிற்றார் செய்கிறவர்கள். நூறு வருடங்களாக அவர்களுடைய வழமையான கிற்றார்களில் தலையின் முன்பக்கம் வெறுமை. பின்பக்கம் சூட்டுக்குறிபோல ஒரு முத்திரை, அவ்வளவுதான். முன்பக்கத்தில் பொன்னெழுத்து ஒட்டத் தொடங்கியதே 1930களில். வெறும் தலையோடு நூறு வருடம் வியாபாரம் நடந்திருக்கிறது.

வட்டக்கச்சி_ஸ்வரம்
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுத நேரம் கிடைக்கவில்லை. தம்பி, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே கொம்பனியின் தலை ஒன்று என்னிடம் இருக்கிறது. தலை மட்டும். கிற்றார் இல்லை.

கிளிநொச்சி_ஆறுகம்பி
அக்கா, தலை மட்டும் என்றால்?

வட்டக்கச்சி_ஸ்வரம்
2009 ஜனவரி. தருமபுரத்திலிருந்து விசுவமடுவுக்கு டிராக்டர் பெட்டியில் போனோம். கிற்றாரை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் செருகியிருந்தேன். யாரோ இருட்டில் அதன்மேல் இருந்துவிட்டார்கள். கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்குக் கீழே முறிந்து, தலை கம்பிகளில் தொங்கியது. உடலை அடுப்புக்கு வைத்தோம். மழைநாள், விறகெல்லாம் ஈரம். காய்ந்த மெல்லிய பலகை உடனே பற்றிக்கொண்டது. கஞ்சி கொதிக்கும்வரை எரிந்தது.

தலையை வைத்திருந்ததற்கு எழுத்து காரணமில்லை. கம்பிகளை முறுக்கும் ஆறு திருகாணிகளும் நல்ல நிலையில் இருந்தன. கழற்றி யாருக்காவது விற்கலாம் என்று பையில் போட்டேன். கழற்றுவதற்குத் திருப்புளி கிடைக்கவில்லை, வாங்க ஆளும் கிடைக்கவில்லை. இப்போது தையல் இயந்திரத்தின் லாச்சிக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் திருகி விளையாடுவார்கள்.

சொல்ல வந்தது வேறு. அந்தக் கிற்றார் 1990களில் யாழ்ப்பாணத்தில் வாங்கியது. அதில் இருக்கும் எழுத்து நீங்கள் சொல்லும் சாய்ந்த கையெழுத்து அல்ல. நிமிர்ந்த, தனித்தனி எழுத்து. உங்கள் புதியதில் இருப்பது போலவே.

கிளிநொச்சி_ஆறுகம்பி
இருக்க முடியாது அக்கா. பழையதில் எல்லாம் கையெழுத்துத்தானே?

வட்டக்கச்சி_ஸ்வரம்
படம் போட்டிருக்கிறேன். பக்கத்தில் அடிமட்டமும் வைத்திருக்கிறேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை 58 மில்லிமீற்றர். உங்களுடையதை அளந்து சொல்லுங்கள்.

கிளிநொச்சி_ஆறுகம்பி
74. ஆனால் எழுத்து... ஒன்றேதான். இரண்டாவது எழுத்தின் வயிற்றில் இருக்கும் சின்ன வெட்டுக்கூட அப்படியே இருக்கிறது. நிறம்தான் வேறு, அக்காவுடையது மங்கிய வெண்கலம் மாதிரி.

வட்டக்கச்சி_ஸ்வரம்
அதுவும் முதலில் வெள்ளிதான் தம்பி. புகை.

மாங்குளத்தான்
ஆக, கொம்பனி எழுத்தை மாற்றவில்லை. தன் பழைய எழுத்துக்குத் திரும்பியிருக்கிறது. தம்பி பழையது என்று அழுததுதான் நடுவில் வந்த புதியது! கையெழுத்து வந்த வருடம் யாரோ ஒருவர், 'ஐயோ, நிமிர்ந்த எழுத்தைக் கெடுத்துவிட்டார்களே' என்று குந்தியிருந்திருப்பார்.

வட்டக்கச்சி_ஸ்வரம்
அது நான்தான். 2013 இல் கிளிநொச்சிக்கு மறுபடி ரெயில் வந்த வருடம் கொழும்புக்குப் போனபோது கடைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். என்ன இது, கலியாணக் கடிதம் மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, விலையைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

நந்திக்கடல் காற்று
மருந்துக்கடைப் பலகை ஒருவருக்கு, கலியாணக் கடிதம் இன்னொருவருக்கு! நான் மூன்று பந்தி எழுதியது வீண்.

கிளிநொச்சி_ஆறுகம்பி
எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கையெழுத்துத்தான் இன்னும் எனக்கு வடிவு. அதை மாற்ற முடியாது. இதை வாசிக்கப் போகிறேன், அவ்வளவுதான். இன்று மாலை ஒரு மணித்தியாலம் வாசித்தேன், தலையைப் பார்க்காமல். மூன்றாவது கம்பி கொஞ்சம் இரைகிறது, அதைப் பிறகு கேட்கிறேன்.

அக்கா, ஒரு கேள்வி. நீங்கள் இப்போது எதில் வாசிக்கிறீர்கள்?

வட்டக்கச்சி_ஸ்வரம்
கோயிலில் ஒன்று இருக்கிறது, பாடகர் குழுவுக்கு. அதில் எழுத்தே இல்லை, யாரோ வீட்டுச் சுவருக்கு அடித்த பச்சைப் பூச்சை அதற்கும் அடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பேன். சொந்தமாக எதுவும் வாங்கவில்லை.

தச்சன் மகன்
அக்கா, அந்தத் தலையின் படத்தை நானும் பார்த்தேன். பின்பக்கத்தையும் ஒரு படம் போடுங்கள், முறிந்த இடம் தெரியும்படி.

வட்டக்கச்சி_ஸ்வரம்
போட்டிருக்கிறேன். ஏன்?

தச்சன் மகன்
முறிவு நீளமாக, நார் போன வழியே பிளந்திருக்கிறது. குறுக்காக ஒடிந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். என்னிடம் மலைவேம்புப் பலகை கொஞ்சம் நான்கு வருடமாகக் காய்ந்து கிடக்கிறது. முதிரை வேண்டாம், கல் மாதிரிக் கனக்கும், தோள் விழுந்துவிடும். புதுக் கழுத்தொன்று செய்து, சரிவாகச் சீவி இந்தத் தலையை அதில் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். உடல் பிறகு. நான் இதுவரை முழுக் கிற்றார் செய்ததில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாங்குளத்தான்
தலை பழையது, உடல் புதியது. வருடம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

வட்டக்கச்சி_ஸ்வரம்
தம்பி, உண்மையாகத்தான் கேட்கிறீரா? எவ்வளவு முடியும்?

தச்சன் மகன்
கம்பியும் பிரெட்டும் நீங்கள் வாங்கித் தாருங்கள், மரம் என்னுடையது. அடுத்த சனிக்கிழமை வட்டக்கச்சிப் பக்கம் கதவு வேலை ஒன்று இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொள்கிறேன். அதுவரை திருகாணிகளைக் கழற்ற வேண்டாம், பிள்ளைகளிடமும் கொடுக்க வேண்டாம். முறிந்த முகத்தைத் துடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். நார் எந்தப் பக்கம் சாய்ந்து போயிருக்கிறது என்று நான் பார்க்கவேண்டும்.